பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டில் மின்சாரம்: டிவி, இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் ரிப்பேரில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

புதுக்கம்பி:

வணக்கம் நண்பர்களே. 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ கிட் மாதிரியான குறைந்த வோல்ட் வேலைகள் நன்றாக வரும். சால்டரிங்கும் மல்டிமீட்டரும் கைக்குப் பழகிவிட்டன. அடுத்து நேரடியாக மெயின் சப்ளையில் ஓடும் சாதனங்களைத் திறக்கலாம் என்றிருக்கிறேன். கையில் இருப்பவை: ஸ்டாண்ட்பை விளக்கே எரியாத 43 அங்குல எல்.இ.டி. டிவி, ஃபியூஸ் போன இண்டக்‌ஷன் அடுப்பு, தட்டு சுற்றினாலும் சூடாக்காத மைக்ரோவேவ்.

பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டரை (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து டிஸ்சார்ஜ் பண்ணுவதைப் பல வீடியோக்களில் பார்க்கிறேன். அதுதான் சரியான வழியா?

சீரிஸ் பல்ப் போர்டும் (சாதனத்துக்குப் போகும் லைனில் ஒரு பல்பை வரிசையாக மாட்டியது) ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? ஒன்று இருந்தால் போதுமா?

ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை பிரைமரி பக்கம் (மெயினோடு நேரடித் தொடர்புள்ள பக்கம்) மாட்டக்கூடாது என்கிறார்கள். காரணம் என்ன?

லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறது. அது இருந்தால் ஷாக் பற்றிக் கவலை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மூன்றில் எதையாவது தொடவே கூடாது என்றால் அதையும் சொல்லுங்கள்.

---

கிலோஓம்:

கெபாசிட்டர் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

ஸ்டாண்ட்பை விளக்கே இல்லாத டிவி என்கிறீர்கள். அதிகம் பயப்பட வேண்டியது இப்படி முழுக்கச் செத்துக் கிடக்கும் செட்டுக்குத்தான். நல்ல நிலையில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். (வேகமாக ஆன், ஆஃப் ஆகி வோல்ட்டை மாற்றும் பவர் சப்ளை) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நொடிகள் ஓடி, பெரிய கெபாசிட்டரில் இருப்பதைத் தானே இழுத்துத் தீர்த்துவிடும். ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகி, அல்லது கண்ட்ரோல் ஐ.சி. போய், ஸ்விட்சிங்கே நடக்காத போர்டில் அந்தச் சார்ஜை இழுக்க எதுவும் இல்லை. பல நிமிடங்கள், சில போர்டுகளில் மணிக்கணக்கில்கூட அப்படியே நிற்கும். மேலே எந்த விளக்கும் எரியாததால் உள்ளே ஒன்றும் இல்லை என்று கை தைரியமாகப் போகும். அடிபடுவது அங்கேதான்.

எவ்வளவு நிற்கும் என்பதைக் கணக்காகத் தெரிந்துகொள்ளுங்கள். 230 வோல்ட் ஏசி பிரிட்ஜைத் (ஏசியை டிசி ஆக்கும் நான்கு டயோடுகள்) தாண்டியதும் அதன் உச்ச மதிப்புக்கு ஏறும்: 230 பெருக்கல் 1.414, அதாவது சுமார் 325 வோல்ட் டிசி. 120 வோல்ட் சப்ளை என்றால் சுமார் 170. பி.எஃப்.சி. பகுதி (மெயினிலிருந்து கரண்டைச் சீராக இழுத்து வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட்) உள்ள டிவிகளில் ஓடும்போது 380 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் 325 வோல்ட்டில் 5 ஜூலுக்குச் சற்று மேல் வைத்திருக்கும். 220 மைக்ரோ ஃபாரட் 400 வோல்ட்டில் கிட்டத்தட்ட 18 ஜூல். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மார்பு வழியாகப் போனால் இது சாதாரண சுருக்கு அல்ல.

ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, அதனால் ஷார்ட் செய்யும் கணத்தில் பாயும் கரண்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரை போகலாம். முனை உருகித் துளி கண்ணுக்குத் தெறிக்கும், பிசிபி டிராக் பிய்ந்து போகும், கெபாசிட்டரின் உள் இணைப்பே கெட்டுப்போகும். முனை வழுக்கிப் பக்கத்தில் உள்ள ஐ.சி. காலைத் தொட்டால் கண்ட்ரோல் பகுதியும் சேர்ந்து காலி. ஒரு பழுதோடு வந்த போர்டில் மூன்று பழுது ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இது. 2.2 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வூண்ட் ரெசிஸ்டர் ஒன்று எடுங்கள். இரண்டு பக்கமும் மல்டிமீட்டர் புரோப் போல நன்றாக இன்சுலேஷன் உள்ள முனைகளைச் சால்டர் செய்து, ரெசிஸ்டர் முழுவதையும் ஸ்லீவால் மூடுங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, கெபாசிட்டரின் இரண்டு காலிலும் 5 நொடி அழுத்திப் பிடியுங்கள். 220 மைக்ரோ ஃபாரட்டுக்கு டைம் கான்ஸ்டன்ட் (ரெசிஸ்டன்ஸ் பெருக்கல் கெபாசிட்டன்ஸ்) அரை நொடிகூட இல்லை. ஐந்து மடங்கு, அதாவது இரண்டரை நொடியில் 400 வோல்ட் 3 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆரம்பக் கரண்ட் 0.2 ஆம்பியருக்குள்தான், பொறியே பறக்காது. கால் வாட் கார்பன் ரெசிஸ்டரை இதற்கு வைக்காதீர்கள். அது வெடித்து ஓப்பன் ஆகிவிட்டால், டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது என்று நீங்கள் நம்பும் கெபாசிட்டர் முழுச் சார்ஜில் இருக்கும்.

அதன்பிறகு மீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கெபாசிட்டரின் கால்களிலேயே அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு 9 வோல்ட் பேட்டரியில் மீட்டரைச் சோதியுங்கள். லீடு உள்ளே அறுந்திருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பிக் கை வைக்கக்கூடாது. போர்டில் பெரிய கெபாசிட்டர் இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். டிஸ்சார்ஜ் செய்து விட்ட பிறகும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் கொஞ்சம் வோல்ட்டை மீட்டுக்கொள்ளும், அதனால் வேலைக்கு நடுவே எழுந்து போய் வந்தால் மறுபடி அளங்கள்.

போர்டைச் சேஸிஸிலிருந்து தூக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல்கள் தானாகவே அடிப்பக்கம் வளைந்து சால்டர் முனைகளைத் தொடும், பெரிய கெபாசிட்டரின் கால்களும் அங்கேதான் இருக்கும். பேக்லைட் லைனையும் மறக்காதீர்கள். எல்.இ.டி. ஸ்ட்ரிப்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் பல டிவிகளில் அந்த கனெக்டரில் 100 வோல்ட்டுக்கு மேல் டிசி வரும். அது செகண்டரி பக்கம்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

---

எர்த்பின்:

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கேள்விகள் ஒன்றோடொன்று பின்னியவை. சேர்த்தே சொல்கிறேன்.

சீரிஸ் பல்ப், ரிப்பேர் செய்யும் போர்டைக் காப்பாற்றும்; ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உங்களைக் காப்பாற்றும். வேலை வேறு வேறு. இரண்டும் வேண்டும்.

சீரிஸ் பல்பு பழைய டங்ஸ்டன் இழை பல்பாகத்தான் இருக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. 230 வோல்ட் 100 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் குளிர்ந்திருக்கும்போது சுமார் 40 ஓம், முழுப் பிரகாசத்தில் 529 ஓம். கரண்ட் கூடக்கூடத் தானே தடுத்துக்கொள்ளும், அதனால்தான் வேறெதையும்விட இழை பல்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பிரைமரி மாஸ்ஃபெட் (சப்ளையை ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட்டாக இருந்தால் பல்பு முழுசாக எரிந்துகொண்டே இருக்கும், அரை ஆம்பியருக்கு மேல் போகாது. பளிச்சென்று ஒருமுறை எரிந்து உடனே மங்கிவிட்டால், கெபாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, ஷார்ட் இல்லை என்று பொருள். மின்னி மின்னி எரிந்தால் பெரும்பாலும் லோடுக்குப் பல்பு சிறியது: சப்ளை தொடங்கப் பார்த்து வோல்ட் சரிந்து விழுகிறது. 43 அங்குல டிவிக்கு 100 வாட் பல்பில் ஸ்டாண்ட்பை வரை பார்க்கலாம், பேக்லைட் எரியும் அளவுக்கு ஓட்ட அது போதாமல் போகலாம்.

ஆனால் சீரிஸ் பல்பு இருக்கும்போதும் போர்டின் ஒவ்வொரு புள்ளியும் மெயினோடு நேரடித் தொடர்பில்தான் இருக்கிறது. உங்கள் உடல் வழியாக 50 மில்லி ஆம்பியர் போனால் அந்த பல்புக்கு ஒன்றுமே தெரியாது, உங்களுக்கு உயிரே போகலாம்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்கு ஒன்று விகிதம் உள்ளது. செகண்டரிக்கும் எர்த்துக்கும் எந்த இணைப்பும் இருக்காது. அதனால் எர்த்தில் நிற்கும் நீங்கள் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டால் கரண்ட் திரும்பிச் செல்ல வழி இல்லை. இரண்டு புள்ளிகளைத் தொட்டால் அடிக்கும், அதை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் தடுக்காது. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மறுகையால் மட்டும் அளக்கும் பழக்கம் இதற்காகத்தான். டிசி கிரவுண்டில் கிளிப்பை முன்பே மாட்டிவிட்டு, பிறகு சப்ளை கொடுத்து, ஒரே புரோபால் தொடுங்கள். 150 வாட் டிவிக்கு 300 விஏ டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே சாதனம்தான், இரண்டு மாட்டினால் ஒன்றின் பழுது மற்றொன்றுக்கு எர்த் ஆகிவிடும். வேரியாக் (டயலைத் திருப்பி ஏசி வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர்) ஐசொலேஷன் தராது, அதில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே சுருள்தான். டயலை 20 வோல்ட்டுக்குக் குறைத்து வைத்தாலும் எர்த்தைப் பொறுத்தவரை வெளியே முழு மெயினும் இருக்கலாம்.

இப்போது ஸ்கோப். அதன் கிரவுண்ட் கிளிப், மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு நேரடியாகச் சேர்ந்தது. டிவியின் பிரைமரி கிரவுண்ட் என்பது பிரிட்ஜின் மைனஸ் முனை. எர்த்தைப் பொறுத்து அது பூஜ்யத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் மைனஸ் பக்கம் 325 வோல்ட் வரை இறங்கும். அங்கே கிளிப்பை மாட்டினால் பிரிட்ஜில் உள்ள ஒரு டயோடு, கிளிப், ஸ்கோப்பின் எர்த் என்று ஷார்ட் சர்க்யூட் முடிந்துவிடும். பிரிட்ஜ், ஃபியூஸ், புரோப், பல நேரம் ஸ்கோப்பின் உள்ளீட்டுப் பகுதி எல்லாம் ஒரே நொடியில் போகும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் *சாதனத்துக்கு* போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டுவது மட்டும் வேண்டாம். அப்போது ஸ்கோப்பின் உலோக உடம்பும் பிஎன்சி முனைகளும் சேர்ந்து லைவ் ஆகும். இரண்டையும்விட நல்லது டிஃபரன்ஷியல் புரோப் (எர்த்தைச் சேர்க்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வோல்ட்டை மட்டும் அளக்கும் புரோப்).

இன்னொன்று: டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகும் கிளிப்பை ஒரு பக்கம் மாட்டிவிட்டால், அந்தப் பக்கம் எர்த்தோடு சேர்ந்துவிட்டது. இனி மறுபக்கத்தைத் தொட்டால் ஷாக்தான். ஐசொலேஷன் இருக்கிறது என்ற தைரியம் கிளிப் மாட்டியதும் முடிந்துபோகிறது.

ஆர்.சி.சி.பி. போகும் கரண்டும் வரும் கரண்டும் சமமா என்று மட்டுமே பார்க்கும். உங்கள் வழியாக எர்த்துக்குப் போனால் டிரிப் ஆகும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உங்கள் இரண்டு கை இருந்தால், அதற்கு நீங்கள் ஒரு பல்பைப் போல இன்னொரு லோடு, அவ்வளவுதான். டிரிப் ஆகாது. சார்ஜ் ஏறிய கெபாசிட்டரும் அதற்குத் தெரியாது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் நடக்கும் எதுவும் தெரியாது. கட்டாயம் இருக்க வேண்டிய சாதனம், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். ஆனால் அதை நம்பி லைவ் போர்டில் இரண்டு கையும் விடக்கூடாது.

சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாதீர்கள், பிளக்கையே பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மேசைமேல் வையுங்கள். வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் ஒற்றைப் போல் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும், போர்டு முழுக்க ஃபேஸிலேயே நிற்கும்.

---

கண்ணாடிக்குழல்:

கிலோஓம் சொன்ன ரெசிஸ்டருக்குப் பதிலாகச் சிலர் 40 அல்லது 60 வாட் இழை பல்பை ஹோல்டரில் மாட்டி டிஸ்சார்ஜ் செய்வார்கள். தவறில்லை, ஒளி மின்னி அடங்குவது கண்ணுக்கே தெரியும். ஒரே ஆபத்து, பல்பு எரியாவிட்டால் கெபாசிட்டர் காலியா, இழை அறுந்ததா என்று சொல்ல முடியாது. மீட்டரை வைத்து அளப்பது அப்போதும் உண்டு.

பழைய பிக்சர் டியூப் டிவி யாராவது கொண்டுவந்தால் ஒரு குறிப்பு. ஆனோடு தொப்பிக்குக் கீழே 20 முதல் 30 ஆயிரம் வோல்ட் வரை இருக்கும், டியூபின் கண்ணாடியே கெபாசிட்டராக வேலை செய்து அதைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் ஒயரின் மறுமுனையை டியூபின் வெளிக் கருப்புப் பூச்சின் மேல் ஓடும் பின்னல் கம்பியில் மாட்ட வேண்டும். போர்டின் கிரவுண்டில் மாட்டினால் அந்தச் சார்ஜ் ஐ.சி.க்கள் வழியாக வழி தேடும். டியூபைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது, மெல்லிய கண்ணாடி அங்கேதான் உடையும்.

---

புதுக்கம்பி:

மிக்க நன்றி. ஆர்.சி.சி.பி. பற்றி நினைத்திருந்தது முழுக்க வேறு. 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் முதலில் தயார் செய்கிறேன். இண்டக்‌ஷனுக்கும் மைக்ரோவேவுக்கும் இதே முறை போதுமா?

---

ஹைவோல்ட்:

தம்பி, மைக்ரோவேவை இந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். மெயின் சாதனங்களில் கை நன்றாகத் தேறிய பிறகு, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கும்போது திறக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வகை மைக்ரோவேவில் ஹை வோல்டேஜ் சுற்று சுமார் 2000 வோல்ட் ஏசி தரும். 1 மைக்ரோ ஃபாரட் அளவிலான கெபாசிட்டரும் ஒரு டயோடும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கி, மேக்னட்ரானுக்கு (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் குழல்) மைனஸ் 4000 வோல்ட் அளவில் கொடுக்கும். டியூப் டிவியில் 25 ஆயிரம் வோல்ட் இருந்தாலும் கரண்ட் மிகக் குறைவு. இங்கே பின்னால் நிற்பது ஒரு கிலோவாட்டுக்கு மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர், நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியரைத் தயங்காமல் தரும். தொட்டவர் இரண்டாம் முறை யோசிக்க நேரம் கிடைக்காது. செகண்டரியின் ஒரு முனை உடம்போடு இணைந்திருப்பதால் மைக்ரோவேவின் தகர உடம்பே சர்க்யூட்டின் ஒரு பாதி. ஒரு கை உடம்பிலும் மறு கை உள்ளேயும் இருந்தால் போதும். எர்த்பின் சொன்ன ஆர்.சி.சி.பி. இங்கே உதவாது: கரண்ட் செகண்டரிக்குள்ளேயே சுற்றி வருவதால் பிரைமரி பக்கம் எந்த வித்தியாசமும் தெரியாது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் உதவாது.

எனவே ஒரே சட்டம்: மூடி திறந்திருக்கும்போது மைக்ரோவேவுக்குச் சப்ளை இல்லை. ஹை வோல்டேஜை அளக்கவே வேண்டாம். மல்டிமீட்டரும் அதன் லீடுகளும் அதிகபட்சம் 1000 வோல்ட்டுக்குச் செய்தவை, 4000 வோல்ட் புரோபின் பிளாஸ்டிக்கைத் தாண்டிக் கைக்கு வரும். தேவையும் இல்லை, பெரும்பாலான பழுதைப் பிளக்கைப் பிடுங்கியே கண்டுபிடிக்கலாம்.

திறக்கும் நாளில் செய்யும் முறை. பிளக்கைப் பிடுங்கி குறைந்தது 5 நிமிடம் விடுங்கள். கெபாசிட்டருக்குள் சார்ஜை மெல்ல வடிக்கும் 10 மெகா ஓம் ப்ளீடர் ரெசிஸ்டர் பெரும்பாலும் இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். அது ஓப்பன் ஆகியிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைச் செய்ய வேண்டும். ஒரு சாதாரண ரெசிஸ்டர் சில நூறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால், 10 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் பத்தை வரிசையாகச் சேர்த்து, தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, நீளமான பிடியோடு டிஸ்சார்ஜ் குச்சி செய்துகொள்ளுங்கள். கெபாசிட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே, பிறகு ஒவ்வொரு முனைக்கும் உடம்புக்கும் இடையே, சில நொடிகள் வீதம். அதன்பிறகு இன்சுலேஷன் உள்ள கிளிப் ஒயரால் இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்து வேலை முடியும் வரை அப்படியே விட்டுவிடுங்கள். மூடும் முன் அதைக் கழற்ற மறக்கக்கூடாது.

தட்டு சுற்றியும் சூடாகவில்லை என்றால் மேக்னட்ரான் ஃபிலமென்ட் (ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்), ஃபிலமென்ட்டுக்கும் உடம்புக்கும் இடையே (முழுக்க ஓப்பன்), டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி, ஹை வோல்டேஜ் ஃபியூஸ் இருந்தால் அது, டயோடு இந்த வரிசையில் போங்கள். அந்த டயோடின் ஃபார்வர்டு டிராப்பே பல வோல்ட், மீட்டரின் டயோடு ரேஞ்சில் இரண்டு பக்கமும் ஓப்பன் மாதிரி காட்டும். நல்ல டயோடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு ரெசிஸ்டரைச் சீரிஸில் வைத்துத்தான் சோதிக்க முடியும்.

கதவு சுவிட்ச்சுகள் மூன்றில் ஒன்று மானிட்டர் சுவிட்ச். மற்றவை ஒட்டிக்கொண்டு கதவு திறந்தபோதும் ஓடப் பார்த்தால், அது வேண்டுமென்றே லைனை ஷார்ட் செய்து ஃபியூஸை எரிக்கும். "ஃபியூஸ் அடிக்கடி போகிறது" என்று அந்தச் சுவிட்சைக் கழற்றிவிடுவது குற்றத்துக்குச் சமம். மேக்னட்ரானின் பீங்கான் பகுதியை உடைக்கவோ ராவவோ வேண்டாம், சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடும் வீடியோக்களும் உண்டு. அதைச் செய்து பார்த்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றேன். அவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று முதலிலேயே காட்டுங்கள். ஷாக்கில் மாட்டியவரைத் தொடாமல் முதலில் சப்ளையைத்தான் நிறுத்த வேண்டும். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

---

கிலோஓம்:

இண்டக்‌ஷனுக்கு வருகிறேன். இங்கே மாட்டிவிடுவது பெரிய கெபாசிட்டர் அல்ல, 5 வோல்ட் லைன்.

டிவியில் ஹாட் சைடு, கோல்டு சைடு என்று போர்டிலேயே கோடு போட்டிருப்பார்கள். ஹாட் என்பது மெயினோடு சேர்ந்த பக்கம், கோல்டு என்பது பிரிக்கப்பட்ட பக்கம். நடுவே டிரான்ஸ்ஃபார்மரும் ஆப்டோகப்ளரும் (ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் பாகம்) பாலமாக நிற்கும். இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின் கண்ட்ரோல் போர்டு, பல எல்.இ.டி. டிரைவர்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் அந்தக் கோடே கிடையாது. மைக்ரோகண்ட்ரோலரின் 5 வோல்ட்டும் அதன் கிரவுண்டும் மெயினோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். மீட்டரில் 5 வோல்ட் என்றுதான் காட்டும், எர்த்தைப் பொறுத்துப் பார்த்தால் அங்கே முழு மெயின் வோல்ட் இருக்கலாம். டச் பேனல் போர்டும் டிஸ்ப்ளேயும் ஃபேன் ஒயரும் டெம்பரேச்சர் சென்சர் ஒயரும் எல்லாமே அப்படித்தான். 12 வோல்ட் வேலையில் பழகிய கைக்கு இது மிக ஆபத்தான பொறி, ஏனென்றால் பார்க்க எல்லாமே உங்களுக்குத் தெரிந்த போர்டு மாதிரியே இருக்கும். லேப்டாப்போடு இணைந்த யுஎஸ்பி புரோகிராமரை ஓடும் போர்டில் மாட்டினால் லேப்டாப்பும் போகும்.

கண்டுபிடிக்க எளிய வழி: பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, சாதனத்தின் சுவிட்ச் ஆனில் இருக்க, மீட்டரை டயோடு ரேஞ்சில் வையுங்கள். 5 வோல்ட் கிரவுண்டில் சிவப்பு, பிளக்கின் பின்னில் கருப்பு. பிறகு மற்ற பின். 0.5 மாதிரி ஏதாவது காட்டினால் பிரிட்ஜ் டயோடு வழியாக நேரடித் தொடர்பு இருக்கிறது. பூஜ்யம் காட்டினால் அந்த கிரவுண்ட் லைனோடேயே சேர்ந்திருக்கிறது. ஓப்பன் என்றால் 5 வோல்ட் பிளஸிலும் ஒருமுறை பாருங்கள், டிரையாக் (ஏசி லோடை ஆன், ஆஃப் செய்யும் பாகம்) உள்ள போர்டுகளில் பிளஸ் லைனை மெயினோடு சேர்த்திருப்பதும் உண்டு.

ஃபியூஸ் போன இண்டக்‌ஷன் என்றால் பெரும்பாலும் ஐஜிபிடியோ (காயிலை ஓட்டும் பவர் டிரான்சிஸ்டர்) பிரிட்ஜோ ஷார்ட்டாக இருக்கும். புது ஃபியூஸ் மட்டும் போட்டு நேரடியாகச் சப்ளை கொடுத்தால் அது முகத்துக்கு முன் வெடிக்கும். மாற்றிய பிறகு 100 வாட் சீரிஸ் பல்பில் ஸ்டாண்ட்பை வரை மட்டும் பாருங்கள். பல்பு அணைந்து டிஸ்ப்ளே வந்தால் சரி. பல்பு இருக்கும்போது சூடாக்கும் பட்டனை அழுத்தாதீர்கள், வோல்ட் சரிந்து ஐஜிபிடிக்குக் கேட் டிரைவ் குறைந்தால் அது மறுபடி போகும். சூடாக்கும் காயில் (கம்பிச் சுருள்) போர்டில் சரியாக இணைந்திருக்கிறதா என்பதையும் ஸ்க்ரூ இறுக்கத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஐஜிபிடி மாட்டிய ஹீட் சிங்க் லைவாக இருக்கலாம்.

---

பாகம்பார்:

ரிப்பேர் செய்பவரோடு போகும் ஆபத்து ஒன்று, சாதனத்தைத் திரும்ப வாங்கிப் பயன்படுத்துபவருக்குப் போகும் ஆபத்து ஒன்று. இரண்டாவதைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே பாலம் போல நிற்கும் சின்ன நீலம் அல்லது மஞ்சள் டிஸ்க் கெபாசிட்டர் ஒய் வகுப்பைச் சேர்ந்தது. ஒய்1 அல்லது ஒய்2 என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். ஷார்ட் ஆகாத மாதிரி, பல ஆயிரம் வோல்ட் சோதனைக்கு உட்படுத்திச் செய்யப்பட்டது. அது போனால் அதே வகுப்பில், அதே மதிப்பில்தான் போட வேண்டும். 2.2 நானோ ஃபாரட் என்றால் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாகக் கசிவது சுமார் 0.16 மில்லி ஆம்பியர், கையில் லேசான கூச்சம். கிடைத்ததைப் போடலாம் என்று 100 நானோ ஃபாரட் போட்டால் 7 மில்லி ஆம்பியருக்கு மேல் போகும், பிடித்ததை விட முடியாத அளவை நெருங்கும். சாதாரண 1 கிலோ வோல்ட் செராமிக்கைப் போட்டு அது ஷார்ட் ஆனால், எச்டிஎம்ஐ முனையின் உலோகமே மெயினில் நிற்கும். ஒரு குழந்தை அந்த கேபிளைப் பிடிக்கும். இதில் சமரசமே கூடாது.

லைனுக்குக் குறுக்கே இருக்கும் பெட்டி கெபாசிட்டர் எக்ஸ்2. அதற்குக் குறுக்கே உள்ள சில நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஓப்பன் ஆனால், பிடுங்கிய பிளக்கின் பின்னே சுருக்கென்று கடிக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் பின்களைத் தொடும் பழக்கம் வேண்டாம்.

ஃபியூஸின் மூடியில் டி 3.15 ஏ 250 வோல்ட் என்று இருந்தால் டி என்பது ஸ்லோ ப்ளோ. வேகமான எஃப் வகையைப் போட்டால் ஒவ்வொரு ஆனிலும் போகும், உடனே யாராவது 10 ஆம்பியர் போட்டுவிடுவார்கள், அடுத்த பழுதில் போர்டு எரியும். ஃபியூஸிபிள் ரெசிஸ்டரும் அப்படித்தான். 4.7 ஓம் 2 வாட் என்று பார்த்துச் சாதாரண ரெசிஸ்டரைப் போட்டால், எரிந்து அறுந்து காப்பாற்ற வேண்டிய இடத்தில் அது தீக்கொள்ளியாக நிற்கும். ஹீட் சிங்க்கில் மாஸ்ஃபெட்டை மாற்றும்போது மைக்கா ஷீட், ஸ்க்ரூவுக்கான பிளாஸ்டிக் வாஷர் இரண்டும் பழைய இடத்திலேயே வர வேண்டும். ஆப்டோகப்ளருக்குக் கீழே பிசிபியில் வெட்டியிருக்கும் இடைவெளியில் ஃபிளக்ஸ், கம்பித் துண்டு எதுவும் தங்கக்கூடாது. முன்பிருந்ததைவிட நீளமான ஸ்க்ரூவை மூடிக்குப் போட்டால் அதன் முனை உள்ளே ஒயரைத் துளைக்கும்.

முதல் ஆனுக்குக் கண்ணாடி அணியுங்கள். எலக்ட்ரோலைட்டிக் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால் தலைப்பக்கம் பிளந்து சூடான திரவமும் நாரும் மேல்நோக்கி அடிக்கும், அந்த நேரத்தில் எல்லாருமே குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆன்டி ஸ்டாடிக் கைப்பட்டை பிளக் பிடுங்கிய போர்டுக்கு மட்டும். லைவ் வேலையில் அது உங்களை எர்த்தோடு கட்டிவைக்கும். உள்ளே 1 மெகா ஓம் இருக்க வேண்டும், மட்டமானவற்றில் வெறும் கம்பிதான். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி மூன்றும் மேசைக்கு வருவதற்கு முன்பே கழற்றப்பட வேண்டும்.

மூடிய பிறகு ஒரு சோதனை. மூன்று பின் சாதனம் என்றால் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து வெளி உலோகத்துக்கு ரெசிஸ்டன்ஸ் ஓமில் ஒரு சிறு பகுதிதான் இருக்கணும். பிறகு ஃபேஸ், நியூட்ரல் இரண்டு பின்னையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் மெகரில் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பாருங்கள், 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு பின் சாதனத்தில் வெளியே தெரியும் உலோகத்துக்கு 2 மெகா ஓமுக்கு மேல். இரண்டு பின்னையும் சேர்த்துக் கட்டாமல் நடுவே 500 வோல்ட் கொடுத்தால் உள்ளே உள்ள எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். எர்த்துக்கு வேரிஸ்டர் (வோல்ட் அளவுக்கு மீறினால் கடத்தும் பாதுகாப்புப் பாகம்) உள்ள போர்டு என்றால் அது 500 வோல்ட்டில் கடத்தத் தொடங்கிக் குறைவாகக் காட்டலாம், அப்போது 250 வோல்ட்டில் பாருங்கள்.

---

புதுக்கம்பி:

மைக்ரோவேவை ஓரமாக வைத்துவிட்டேன். டிவியில் ஆரம்பிக்கிறேன். கடைசியாக ஒன்று: கையில் மெகர் இல்லை. மல்டிமீட்டரின் 20 மெகா ஓம் ரேஞ்சில் ஓப்பன் காட்டினால் இன்சுலேஷன் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

பாகம்பார்:

முடியாது. மல்டிமீட்டர் ஓம் ரேஞ்சில் கொடுப்பது ஓரிரு வோல்ட்தான். கருகிய பிசிபியும் நசுங்கிய ஒயரும் ஈரம் ஏறிய டிரான்ஸ்ஃபார்மரும் அந்த வோல்ட்டில் நல்ல இன்சுலேட்டர் மாதிரியே நடிக்கும், சில நூறு வோல்ட் வந்ததும் கடத்தும். மீட்டர் குறைவாகக் காட்டினால் பழுது உறுதி, ஓப்பன் காட்டினால் எதுவும் உறுதி இல்லை.

மெகர் வரும்வரை பிரைமரி பக்கம் நீங்கள் கை வைத்த ஒவ்வொரு இடத்தையும் லென்ஸில் பாருங்கள். கருகிய இடத்தைச் சுரண்டி வெறும் ஃபைபர் தெரியும்வரை சுத்தம் செய்து, ஆல்கஹாலில் கழுவிக் காயவிடுங்கள். பிரைமரி ஒயர் எதுவும் ஸ்க்ரூ தூணுக்கும் மூடிக்கும் நடுவே மாட்டவில்லை என்று பார்த்து மூடுங்கள். மெகரில் பார்க்காத டிவியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், உங்கள் மேசையில் ஆர்.சி.சி.பி. உள்ள லைனிலேயே ஓடட்டும்.